தகடு எடுத்த காலோடு மாரியூருக்கு

இது 1962 மாசியில் போன பயணம். அதற்கு எட்டு மாதம் முந்தி, வள்ளத்தைக் கரையேற்றும்போது அது சரிந்து என் வலது கால் எலும்பு முறிந்தது. மதுரையில் தகடு வைத்து ஆறு திருகு முடுக்கினார்கள். தகடு தோலை உறுத்தியதால் ஏழாம் மாதம் எடுத்துவிட்டார்கள். அத்தனை மாதமும் மதுரையிலேயே சித்தப்பா வீட்டில் கிடந்தேன். அலைச் சத்தம் இல்லாமல் தூக்கமா வரும்? கடலுக்காக ஏங்கிப் போயிருந்தேன்.

"தகடு போயிருச்சுன்னு குதிக்காதே" என்றார் டாக்டர். திருகு இருந்த ஓட்டைகள் மூடும்வரை எலும்புக்கு வலு கிடையாதாம். மூன்று மாதம் ஊன்றுகோல், பாரம் தூக்கக் கூடாது. புண்ணில் சீழ் வைக்கலாம், பாதம் மரத்துப்போகலாம் என்றும் சொன்னார். என்னைப் போலவே தகடு எடுத்த பக்கத்துக் கட்டில்காரர் இதையெல்லாம் கேட்டுவிட்டும் சைக்கிள் மிதித்த மகராசன். நான் தையல் பிரிக்கப் போன அன்று கால் மறுபடி முறிந்து அதே கட்டிலில் கிடந்தார்.

இருபதாம் நாள் கிளம்பிவிட்டேன். காலை ஆறு மணி ரயில், இரண்டே கால் ரூபாய். ராமநாதபுரத்திலிருந்து கடலாடி வழியாகச் சாயல்குடிக்குப் பஸ், ஒரு ரூபாய் முப்பது பைசா. பிறகு ஆறு மைல் மாட்டுவண்டி, ஒரு ரூபாய். மணலில் சக்கரம் புதைந்தது.

"இரும்பைத்தேன் எடுத்தாச்சுல்ல, எறங்கி ஒரு கை குடுய்யா" என்றார், வழியெல்லாம் என் கதையைக் கேட்டு வந்த வண்டிக்காரர்.

வெட்கமாக இருந்தாலும் இறங்கவில்லை.

நாலரை மணிக்கு எங்கள் மாரியூர்க் கரை. அக்கா புருஷன் காளி மச்சான் வள்ளத்தடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மீன் வாடை மூக்கில் ஏறியதும் அழுதுவிட்டேன்.

"வாய்யா மாப்ளே! ஒன் எடத்துல ஒருத்தனையும் ஏத்தல. அஞ்சு பேர் துடுப்ப நாலு பேர் போட்டு முதுகு ஒடிஞ்சுபோச்சு. நாளைக்கு வாரேல்ல?"

"மூணு மாசம் ஆகும் மச்சான்."

"அதேன் இரும்ப எடுத்தாச்சே?"

"எடுத்ததாலதேன் மச்சான். எலும்புல ஆறு ஓட்ட இருக்கு."

அவர் வலையைக் கீழே வைத்தார். "சீசன் போயிருமேப்பா. ஒருத்தன் எடம் கேட்டுக்கிட்டே இருக்கான். நீ வாரேன்னா அவன் வேணாம். நீயே சொல்லு."

கால் அன்றைக்குத் துளிகூட வலிக்கவில்லை, பாழாய்ப்போன கால்! ஊன்றுகோலை மணலில் போட்டுவிட்டு வள்ளத்தைப் பிடித்து நின்றேன். நன்றாகத்தான் நின்றது. போய்விடலாம் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அந்தக் கட்டில்காரர் முகம் வந்து நின்றது.

"அவனையே சேத்துக்க மச்சான்" என்றேன். குனிந்து ஊன்றுகோலை எடுத்துக்கொண்டேன்.

தகடு எடுத்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: பஸ்ஸில் கால் நீட்ட இடம் பார்த்து உட்காருங்கள். புண்ணில் உப்புத்தண்ணீர் படவிடாதீர்கள். வண்டி புதைந்தால் யார் என்ன சொன்னாலும் இறங்காதீர்கள். மூன்று மாதம் பொறுத்து வந்தால் இன்னும் நல்லது.

நான்காம் மாதம் என் கால் கல் மாதிரி ஆகிவிட்டது. மணலில் ஓடியே பார்த்தேன். வள்ளத்தில்தான் இடமில்லை. இப்போது வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை. விடியற்காலையில் மச்சான் வள்ளம் அந்தப் பக்கமாகப் போகும். துடுப்புப் போடுகிறவர்களை எண்ணுவேன். ஐந்து பேர் சரியாக இருப்பார்கள்.