சித்தப்பா வீட்டில் குடித்த காபி

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தப் பட்டறையில் எல்லாரும் அவளைக் கட்டிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு மடிப்புத் துணியை அடுக்கி வைத்து, பெரிய கத்தரியால் நூல் பிசகாமல் வெட்டுவாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் மாதத்தில் இரண்டு மூன்று நாள் ஆளைக் காணாது. ஒரு முறை வலது கை மணிக்கட்டு வரை உப்பிப்போகும். இன்னொரு முறை வயிறு முறுக்கி, குடித்த தண்ணீர்கூட வெளியே வந்துவிடும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல மேசை முன்னால் வந்து நிற்பாள்.

"லீவு எடுக்கிறதுக்குன்னே ஒரு வியாதி" என்று பட்டன் கட்டும் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரித்து வைப்பாள். வேறென்ன செய்வது? இருபத்திரண்டு வயதில் குடல்வால் என்று சொல்லி வயிற்றைத் திறந்தார்கள். எடுத்துப் பார்த்தால் குடல்வால் நன்றாகத்தான் இருந்தது. வலி மட்டும் போகவில்லை.

அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்தார். காலையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர், மத்தியானம் தம்பி வீட்டுக்குப் போனார். வீட்டைப் பாகம் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு முற்றியிருந்த நேரம் அது. அங்கே ஒரு காபி குடித்தார். வீடு திரும்பியபோது உதடு தடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் குரல் கம்மியது. ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"சொத்துக்காகக் கூடப் பொறந்தவனுக்கே விஷம் வெச்சுட்டான்" என்று அம்மா தெருவில் நின்று கத்தினாள். நிரூபிக்க யாரிடமும் எதுவும் இல்லை. இல்லையென்று சொல்லவும் எதுவும் இல்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. முப்பத்தொரு வருஷம், நல்லது கெட்டது எதற்கும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

பள்ளி திறக்கும் சமயம். இரண்டு நாள் விடாமல் கத்தரி பிடித்ததில் அவள் கை வீங்கியது. அது வழக்கம்தான். ஆனால் அடுத்த நாள் உதடும் வீங்கி, பேச்சு குழறியது. கணவர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார். அலர்ஜி என்று ஊசிமேல் ஊசி போட்டார்கள், எதுவும் கேட்கவில்லை. அப்போது வந்த டாக்டரம்மா அவள் கையைத் தடவிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அரிக்குதா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். "அலர்ஜின்னா அரிக்கணும், இது வேற" என்ற டாக்டரம்மா, ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை உடனே ஏற்றச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வழிக்கு வந்தது.

பத்து நாள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் விளக்கினார். "உடம்போட எதிர்ப்புச் சக்திக்கு ஒரு கடிவாளம் மாதிரி ஒரு புரதம் உண்டு. உங்களுக்குப் பொறக்கும்போதே அது குறைச்சல். அழுத்தம், அடி, கவலை, எது பட்டாலும் வீங்கும். வயித்து வலியும் இதேதான், உள்ளே குடல் வீங்குது. பரம்பரையா வர்றது. குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா?"

"இல்ல டாக்டர். அப்பா தொண்டை வீங்கித்தான் போனாரு. ஆனா அது சித்தப்பா காபியில வெச்ச விஷம்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அன்னிக்கு வேற என்ன நடந்துச்சு?"

"காலையில பல்லு பிடுங்கிட்டு..." சொல்ல ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "போனவரோட ரத்தத்தை இப்பப் பரிசோதிக்க முடியாதும்மா. ஆனா பல்லு பிடுங்கின காயத்துல வந்த இதே வீக்கம்தான், எனக்குச் சந்தேகமே இல்ல. உங்க சித்தப்பாவையும் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்க. உங்க பொண்ணையும் கூட்டிட்டு வாங்க."

அம்மா துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் பொய்யா?"

"பொய் இல்லம்மா. தெரியாமச் சொன்னது."

"அவன்மேல இருந்த ஆத்திரத்தைப் புடிச்சுக்கிட்டுத்தாண்டி உன்னை வளர்த்தேன். அதையும் புடுங்கிட்டா நான் எதைப் புடிச்சு நிக்கிறது?"

மறுநாள் அவள் தனியாகவே சித்தப்பா வீட்டுக்குப் போனாள். குடிநீர்த் தொட்டியில் மோட்டார் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன் மூஞ்சி" என்றார்.

உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் கேட்ட முதல் கேள்வி தன்னைப் பற்றியதல்ல. "அண்ணனுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

பிறகு சுவரைப் பார்த்துப் பேசினார். "உங்கம்மா சொன்னதுகூடப் பரவால்லம்மா. எத்தனையோ நாள் நானே நெனச்சிருக்கேன், அந்த டம்ளர்ல ஏதாவது விழுந்திருக்குமோ, கவனிக்காமக் குடுத்துட்டேனோன்னு. என் கையை நானே நம்பல." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சித்தப்பா வந்த அன்று, சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவும் கிளம்பி வந்தாள். நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். "தம்பி, வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்" என்றாள்.

"முப்பத்தொரு வருஷம் போச்சே அண்ணி" என்றார் அவர். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை.

சித்தப்பாவுக்கு நோய் இல்லை. பத்து வயது மகளுக்கு இருந்தது. சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டரம்மா முன்பே சொல்லித்தான் இருந்தார். சொன்னால் மட்டும் மனசு கேட்குமா?

இப்போது அவள் வெட்டுவதில்லை. தைத்து வந்த துணிகளைச் சரிபார்க்கிறாள். வீக்கத்தை அடக்கும் ஊசியை வீட்டில் எப்போதும் வைத்திருக்கிறார்கள். போடக் கணவர் கற்றுக்கொண்டார். பல் டாக்டரிடம் போனால் முதலில் காட்ட வேண்டிய கடிதம் மகளின் பள்ளிப் பையில் இருக்கிறது.

"தாத்தா மாதிரி எனக்கும் ஆயிடுமாம்மா?" என்று மகள் ஒரு நாள் கேட்டாள்.

"தாத்தாவுக்கு என்னன்னு யாருக்குமே தெரியலடி. உனக்கு என்னன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள். கடிதம் பையில் இருக்கிறதா என்று ஒரு முறை திறந்து பார்த்துக்கொண்டாள்.