சிங்க முத்திரைச் சாக்கு

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த சென்ட் லோரன்டில் ஒரு கிட்டங்கியில் எனக்கு அரிசிமா பொதி செய்யும் வேலை. கொழும்பிலிருந்து சாக்குச் சாக்காக வரும் சிவப்பரிசி மாவை ஒரு கிலோப் பைகளில் நிரப்புவோம். பையின் முன்பக்கம் எங்கள் தாயக வரைபடம், கீழே ‘தமிழன் காசு தமிழனுக்கே’ என்று ஒரு வரி. இலங்கையின் சிங்க முத்திரை போட்ட வெறும் சாக்குகளை உடனே கிழித்துக் குப்பையில் போடவேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. கிழித்துப் போட்டவள்தான் நானும். சம்பளம் வந்தது, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

யுத்தம் உக்கிரமாக நடந்த நேரம். இலங்கைச் சாமான் வாங்காதே என்று கடைக்குக் கடை துண்டுப்பிரசுரம். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி கொடுத்தார்கள். என் அம்மா கைப்பையிலிருந்து கொழும்பு பிஸ்கட்டை எடுத்தார். முதலாளி கண்டுவிட்டார்.

“அம்மா, நீங்கள் தின்னுற ஒவ்வொரு பிஸ்கட்டும் அங்க ஷெல்லாய் விழுது” என்றார், அத்தனை சனத்துக்கும் கேட்க.

ஷெல்லுக்குத் தன் ஒரே மகனைப் பறிகொடுத்த மனுசி அவர். பக்கெற்றை மூடினார். அதன்பிறகு வீட்டிலும் பிஸ்கட்டைத் தொடவில்லை. தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும்.

கோயில் திருநாள் வந்தது. மத்தியான இடியப்பத்துக்கு முதலாளிதான் மா உபயம். நான் கிழிக்காமல் கொண்டுவந்த ஒரு சாக்கைக் கழுவி, கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி, சிங்கம் நெஞ்சில் தெரியப் போட்டுக்கொண்டு குசினியில் இடியப்பம் பிழிந்தேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். முகம் கறுத்தது.

“தங்கச்சி, என்ன உது? கழட்டுங்கோ.”

“ஏன் அண்ணை? உங்கட மா வந்த சாக்குத்தானே.”

பிழிந்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

“பேந்து கதைப்பம்.”

“இப்பவே கதைப்பம். அம்மாட்ட மன்னிப்புக் கேளுங்கோ.”

அவர் விறுவிறென்று மண்டபத்துக்குப் போனார். நானும் சாக்கோடு பின்னால் போனேன். அங்கே இருந்த அம்மா என் நெஞ்சைப் பார்த்தார்.

“உது எங்க எடுத்தனி?”

“இவரின்ர மாச் சாக்கு அம்மா. கொழும்பிலயிருந்து வாறது.”

அம்மா எழும்பினார். தொடாவிட்டாலும் அந்த பிஸ்கட் பக்கெற் இத்தனை நாளும் அவர் பையிலேயே இருந்திருக்கிறது. ஒரு பிஸ்கட்டை எடுத்து முதலாளியிடம் நீட்டினார்.

“இந்தாங்கோ தம்பி. உங்கட மாவோட ஒரே கப்பல்லதான் வந்திருக்கும்.”

அவர் வாங்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. திங்கட்கிழமை எனக்கு வேலையும் இல்லை.

போகட்டும். அன்று காலை அம்மா பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தோய்த்துத் தின்றார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.