கேட் அருகே நின்ற மேளம்

மேளம் சட்டென்று நின்ற அந்தக் கணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதன்பிறகே மேடத்தின் முகம். செருப்பைக் கையில் பிடித்தபடி, கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றார்கள்.

உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையில், ஏரியைத் தாண்டி இருந்தது அந்த ஆய்வுக்கூடம். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அங்கே எலிக்கூண்டுகளைச் சுத்தம் செய்யும் வேலை. ஒரு மரபணுவை மட்டும் நீக்கி வெளிநாட்டில் உருவாக்கிய கறுப்புச் சுண்டெலிகள் அவை. அவற்றை வைத்து ஆராய்ச்சி செய்த மேடம் விளக்கியபோது, கடையாணியைக் கழற்றிவிட்டு வண்டி எப்படிச் சாய்கிறது என்று பார்ப்பதைப் போல எனக்குத் தோன்றியது. சொல்லக் கூச்சப்பட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன். நாளாக ஆக அந்த எலிகளுக்குப் பின்னங்கால் இழுத்துக்கொள்ளும். சில பிள்ளைகளை நடக்கவிடாமல் முடக்கும் நோயும் அதுதானாம்.

அந்தக் கோடையில் ஏ.சி. பழுதாகி, கூண்டு கூண்டாக எலிகள் செத்தன. அந்த வகையில் மிஞ்சியது ஒரே ஜோடி. இனி வெளிநாட்டிலிருந்து கிடைக்காது. மேடத்தின் உழைப்பு முழுவதும் அந்தப் பெண் எலியின் வயிற்றில் இருந்தது. ஒருநாள் காலை அது குட்டி போட்டது. தலைச்சன் ஈற்று. மிரண்டால் தாயே குட்டிகளைத் தின்றுவிடும். நாங்கள் கூண்டைத் தொடவில்லை, கதவைக்கூட மெல்லச் சாத்தினோம்.

அன்றைக்குத்தான் என் தாய்மாமனை எடுக்கிறார்கள். நேராகச் சுடுகாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வேலைக்கு வந்திருந்தேன். மதியம் ஏரிக்கரைப் பக்கம் மேளமும் வெடியும் கேட்டன. சுடுகாட்டுக்கு வேறு வழி கிடையாது. தாய் எலி குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை ஓட ஆரம்பித்தது. மேடம் என்னைப் பார்த்தார்கள்.

“நீங்க போய்ச் சொல்ல முடியுமா?”

ஓடினேன். பாடைக்கு முன்னால் கொள்ளிச் சட்டியோடு வந்தான் மாமன் மகன், என் மச்சான். எலி குட்டி போட்டிருக்கிறது, மேளமும் வெடியும் வேண்டாம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

“எலிய காதப் பொத்திக்கினு பட்த்துக்கச் சொல்லுபா” என்றார் கூட்டத்தில் ஒருவர். சாவுக்கு வந்த கூட்டம் சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை.

“எங்க நைனாவ வுட எலி பெர்சா பூட்ச்சா உனுக்கு?”

அதற்குள் மேடமே வந்துவிட்டார்கள். பாடையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

“அத்த வளத்து இன்னாம்மா பண்ணுவீங்க?” என்று கேட்டான் மச்சான்.

“கொல்லுவோம். அறுத்து, நோய் எங்க ஆரம்பிக்குதுன்னு பார்ப்போம்.”

காரியம் கெட்டது என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் பூசி மெழுகியிருப்பார்கள். மச்சான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மேளக்காரர்கள் குச்சியை ஓங்கியபடி காத்திருந்தார்கள்.

“எப்ப பெத்துது?”

“இன்னிக்குக் காலையில.”

பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டெதிரே எங்கள் ஊரில் சாவு மேளம் அடிப்பதில்லை. பகையாளி வீடானாலும் அங்கே கை நிற்கும். மச்சான் மேளக்காரர்கள் பக்கம் திரும்பினான்.

“பெத்தவ கீறா. கேட்டு தாண்ற வரிக்கும் சும்மா வாங்க.”

மேளம் நின்றது. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் பாடைக்குத் தோள் கொடுத்தேன்.

மறுநாள் கூண்டுக்கு வெளியிலிருந்தே பார்த்தோம். குட்டிகளின் மெல்லிய தோலுக்குள், குடித்த பால் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு அவற்றை வளர்த்தோம், சொன்னபடி அறுத்தும் பார்த்தோம். அறுக்கும் நாட்களில் மேடம் யாரோடும் பேச மாட்டார்கள்.

மேடம் ஊரை விட்டுப் போய், ஆய்வுக்கூடமும் மூடி வெகுகாலமாகிறது. கேட்டில் கொடி படர்ந்துகிடக்கிறது. போன மாதம் மச்சானை அந்த வழியாகத்தான் எடுத்துப் போனோம். கேட் அருகே வந்ததும் மேளம் தானாக நின்றது. ஏன் என்று பக்கத்தில் வந்த மேளக்காரரைக் கேட்டேன். இந்தத் தலைமுறை ஆள்.

“இங்க அடிக்கறதில்லண்ணா. உள்ள புள்ள பெத்தவ கீறாளாம்.”

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.