சூப் கேட்ட இடத்தில் மேளம்

மானியம் கொடுக்கிறவர்கள்மேல் எனக்கு இருந்த மரியாதை ஒரே வசந்தத்தில் போனது. அதற்கு முன்பும் அது அதிகமாக இருந்ததென்று சொல்ல முடியாது.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில், காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கடை ஒன்றுக்கு மேலே இரண்டு அறைகள். சனிக்கிழமைகளில் அங்கே ஸ்பானிஷ் பேசும் ஆட்களுக்கு அவரைக்கொட்டைச் சூப் கிடைக்கும், குளிர்காலத்தில் பழைய கோட்டு கிடைக்கும், பிரெஞ்சில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆளும் கிடைக்கும். நடத்தியவர் எல் சல்வடோரில் இருந்து வந்த ஐம்பது வயதுப் பெண். எல்லோரும் அவரை செனோரா என்றார்கள், நானும் அப்படித்தான். என்னிடம் ஒரு பழைய வான் இருந்தது. அதில் அவருக்கு அவரை மூட்டையும் வெங்காயமும் ஏற்றி இறக்குவேன். கூலி இரண்டு கோப்பை சூப்.

நான் திருகோணமலையில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஸ்பானிஷ் வந்தது பின்னால், இந்த நாட்டுக்கு வரும் வழியில் மெக்சிகோவின் தென் எல்லையில் பதினொரு மாதம் கிடந்தபோது. அங்கே வேறு வேலை இருக்கவில்லை.

அந்த ஆண்டு கட்டிடக்காரன் வாடகையைக் கூட்டினான். ஜூன் முடிவுக்குள் கட்ட வழி காட்டாவிட்டால் அறைகள் வேறொருவருக்கு. லத்தீன் அமெரிக்கச் சமூகங்களுக்கு உதவும் அமைப்புகளுக்கென ஒரு நிதியம் மானியம் தருகிறது என்று யாரோ சொல்ல, செனோரா படிவத்தை எடுத்தார். முதல் கேள்வி: உங்கள் திட்டத்தில் புதிதாக என்ன இருக்கிறது?

செனோரா ஸ்பானிஷில் சொன்னதை என் பேச்சிலேயே எழுதுகிறேன். “சூப். குடிப்பினம். அடுத்த கிழமை திரும்பப் பசிக்கும். இதில என்ன புதுசு?”

படிவம் நிரப்பத் தெரிந்த ஒருத்தி வந்து, சூப்பை ‘தலைமுறைகளை இணைக்கும் உணவுவழிப் பங்கேற்பு’ ஆக்கிக் கொடுத்தாள். அவரை அவரையாகவே இருந்தது.

நிதியத்தில் இருந்து கடிதம் வந்தது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். அன்று வருகிற ஒவ்வொருவரும் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். சூப் குடிக்க வருகிறவர்களில் பாதிப் பேரின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. சீருடை போட்ட தபால்காரனைக் கண்டாலே பின்சந்துக்குள் திரும்புகிறவர்கள். அவர்களின் பெயரை நாங்களே கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த இடத்தின் ஒழுங்கு. செனோரா தொலைபேசியில் இதைச் சொன்னார். “அப்படியென்றால் அவர்கள் இருக்கிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாளாம் அதிகாரி.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் தமிழ் ஆட்களைக் கொண்டுவருவது. எங்களிடம் இங்கே தங்குவதற்கான கடதாசி இருக்கிறது, கையெழுத்து வைப்பதற்குப் பயமில்லை, இலவசச் சாப்பாட்டுக்கு வெட்கமும் இல்லை. செனோராவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அந்தச் சனிக்கிழமை வரவேண்டாம் என்று தன் ஆட்களுக்குச் சொல்லிவிட்டார்.

என்னோடு அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரைப் பிடித்தேன். பன்னிரண்டு பேரைச் சேர்த்துத் தந்தது அவர்தான்.

“டேய், எங்களைப் பாத்து ஸ்பானிஷ்காரர் எண்டு நம்புவினமோ?”

“அவைக்கு நாங்கள் எல்லாரும் ஒரே நிறம், அண்ணை.”

“சூப்பில மாடு கீடு போடுவினமோ?”

“அவரைதான்.”

“பேந்தென்ன, வாறம்.”

வந்தார்கள். இரண்டு பேர் நெற்றியில் திருநீறோடு வந்தார்கள். அழிக்கச் சொன்னால் கோபித்துக்கொண்டார்கள். பட்டியலில் தங்கள் சொந்தப் பெயர்களையே, தகப்பன் பெயரோடு, கட்டத்துக்கு வெளியே ஓட ஓட எழுதினார்கள். சூப்பில் உறைப்பில்லை என்று ஒருவர் சட்டைப் பையில் இருந்து மிளகாய்த்தூளை எடுத்தார். பொய் சொல்ல வந்த இடத்தில்கூட எங்களவர்களுக்கு நாக்குத்தான் முக்கியம்.

அதிகாரி நல்ல கோட்டுப் போட்ட, கனிவான பெண். அந்தக் கனிவுதான் தாங்க முடியாதது. கியூபாக் கடற்கரையில் விடுமுறைக்குப் போய்க் கற்ற ஸ்பானிஷில் அண்ணையிடம் ஏதோ கேட்டாள். அண்ணை பதறிப்போய், “ஓம் ஓம், நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு” என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். இது என்ன மொழி?

பழைய மொழி என்றேன். அது பொய்யில்லை.

அவள் பட்டியலை எடுத்துப் பெயர்களை விரலால் தடவினாள். கண் கலங்கிவிட்டது. ஆதிக்குடிப் பெயர்கள், எவ்வளவு அழகு என்றாள். வீட்டில் இருந்து கொண்டுவந்த சோற்றில் சூப்பை ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை அனுமதி கேட்டுப் படமெடுத்தாள். அவர் விரலை நக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதே நேரம், செய்தி கிடைக்காத ஒருவர் படியேறி வந்தார். கூரை வேலை செய்யும் ஹொண்டுராஸ்காரர், ஒவ்வொரு கிழமையும் வருகிறவர். கதவில் நின்று மேசையில் கிடந்த பட்டியலைப் பார்த்தார், பேனையோடு நின்ற என்னைப் பார்த்தார். வந்த படியிலேயே இறங்கிப் போனார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மே கடைசியில் பதில் வந்தது. மானியம் கிடைத்துவிட்டது. ஆனால் சூப்புக்கு அல்ல. அதிகாரி நேரில் கண்டவற்றால் மிகவும் ஈர்க்கப்பட்டு, விண்ணப்பத்தை ஆதிக்குடி மரபுக்கான பிரிவுக்கு மாற்றியிருந்தாள். இலையுதிர் காலத்தில் ஒரு விழா நடத்த வேண்டும். மேளம், முகமூடி, உடுப்பு, மேடை எல்லாவற்றுக்கும் பணம் உண்டு. வாடகைக்கும் உணவுக்கும் அதில் ஒரு சதமும் செலவழிக்கக் கூடாது.

செனோரா கடிதத்தைப் படிக்கட்டிலேயே நின்று இரண்டு தரம் வாசித்தார்.

“உண்மையைச் சொல்லப்போறன்.”

“சொன்னால் இனி ஒருநாளும் தரமாட்டினம்.”

“சொல்லாட்டி உன்ர அண்ணைமாருக்கு இறகு கட்டி ஆடவிடவேணும். ஆடுவினமோ?”

யோசித்துப் பார்த்தேன். “சாப்பாடு குடுத்தால் ஆடுவினம்.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அதிகாரி கத்தவில்லை. மானியம் ரத்தாகும் என்றாள், வருத்தம் தெரிவித்தாள், தெற்காசியர்களுக்கு இன்னொரு நிதி இருக்கிறது, அந்த நண்பர்கள் விண்ணப்பிக்கலாமே என்று இணைய முகவரியும் சொன்னாள். அண்ணையிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே கேட்டார், “எவ்வளவு குடுப்பினமாம்?”

ஜூலை முதலாம் திகதி, இந்த ஊரில் வாடகை ஒப்பந்தங்கள் முடிகிற நாள், நகரமே வீடு மாறியது. தெருவெல்லாம் மெத்தைகளும் குளிர்ப்பெட்டிகளும். அதற்கிடையில் எங்கள் அண்டாக்களை யாரும் கவனிக்கவில்லை. வில்லரே பகுதியில் செனோராவின் மூன்றாம் மாடி வீட்டுக்கு, வெளிப்படிக்கட்டில் திருகித் திருகித் தூக்கிப் போனேன். இனிச் சூப் அவருடைய குசினி அடுப்பில்தான், ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு.

ஜூனில் வந்தவர்களுக்கு இடம் மாறுவதை முன்பே சொல்லிவிட்டோம்; ஏப்ரலுக்குப் பிறகு வராமல் நின்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? ஏப்ரலில் ஒருவரையொருவர் பிடித்து வாய்வழி அனுப்பிய செய்தியே பாதிவழியில் நின்றது. தொலைபேசி எண் இல்லை, முகவரி இல்லை. கதவில் ஒட்டிய தாளைக் கட்டிடக்காரன் கிழித்துவிட்டான். ஆகவே அடுத்த சனிக்கிழமை காலை நானே உடுப்புத் தோய்க்கும் கடை வாசலில் போய் நின்றேன். மதியம்வரை மூன்று கிழவிகள் வந்தார்கள். அவர்களை என் வானில் ஏற்றிக் கூட்டிப்போக நினைத்தபோது கூரை வேலைக்காரர் எதிர்ப்பக்க நடைபாதையில் வந்தார். அவரோடு இன்னும் நான்கைந்து பேர்.

அவர் என்னைக் கண்டதும் நின்றார். மற்றவர்களிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். குடிவரவுக்காரருக்குப் பெயர் எழுதிக்கொடுக்கிறவன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அவர் இடத்தில் நின்றிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கூப்பிட எனக்கு அவர் பெயர் தெரியாது. “சூப்!” என்று கத்தினேன். அவர்கள் நடையைக் கூட்டிச் சந்துக்குள் திரும்பினார்கள்.