பிரேக் மாஸ்டரும் வருடாந்தர ஊசியும்

தொலைக்காட்சியில் கதாநாயகன் மலைப்பாதை வளைவில் கன்னாபின்னாவென்று திரும்புகிறான். சோபாவில் சாய்ந்திருக்கும் மாஸ்டரின் வலது கால் தரைவிரிப்பை ஓர் அழுத்து அழுத்துகிறது. வண்டி நிற்கவில்லை. "முன்னாடியே கியரைக் குறைச்சிருக்கணும். இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் கொடுத்தது?" என்கிறார். கதாநாயகன் பள்ளத்தில் விழுகிறான். மாஸ்டருக்கு அதில் ஒரு திருப்தி.

தரைவிரிப்பில் அந்த ஓர் இடம் மட்டும் வழுக்கை. செருப்பிலும் வலது கால் செருப்புதான் முதலில் தேயும். ஒற்றையாகக் கிடைக்குமா என்று அவர் மனைவி கடையில் கேட்டே விட்டார். லிஃப்ட் இறங்கும்போது மாஸ்டர் மிதிப்பார். பல் மருத்துவரின் நாற்காலி பின்னால் சாயும்போது மிதிப்பார். எதிர்வீட்டு அம்மாள் பேச்சுவாக்கில் அடுத்தவர் குடும்பத்துக்குள் நுழையும்போதும் மிதிப்பார். அங்கேயும் வண்டி நிற்பதில்லை.

ஆயுளில் பாதியைப் பயிற்சி வண்டியின் பக்கத்து இருக்கையில் கழித்தவர். அந்த வண்டிகளில் கற்றுக்கொள்கிறவர் கையில் ஸ்டியரிங் இருக்கும், கற்றுக்கொடுப்பவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்தான் அவருக்குத் தொழில், தைரியம், பட்டப்பெயர் எல்லாம். ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். ஒருவருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. 'பிரேக் மாஸ்டர்' என்றால் பச்சைக்குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

எந்தப் பருவத்திலும் வண்டியில் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்திருப்பார். டாஷ்போர்டுப் பெட்டியில் இருமல் மிட்டாய் இருக்கும். அது இருமலுக்கு இல்லை, ரிவர்ஸ் எடுக்கும்போது அழுகிறவர்களுக்கு. பாடம் எடுக்கையில் அவர் மூன்று விஷயங்களை ஓயாமல் சொல்வார். "உலகமே இடிஞ்சாலும் ஸ்டியரிங்ல இருந்து கையை எடுக்கக் கூடாது" என்பது ஒன்று. "கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிறவன் மனுஷன், அந்தப் பக்கம் நிக்கிறவன் கேஸு" என்பது இன்னொன்று. மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும், ஏதோ உபதேசம் மாதிரி: "முதல்ல முடிவெடு. அப்புறம் திருப்பு. திருப்பிக்கிட்டே முடிவெடுக்காதே."

இவ்வளவு தெளிவான மனிதருக்கு ஒரே ஒரு விஷயத்தில் முடிவெடுக்கத் தெரியாது. ஃப்ளூ ஊசி.

குளிர் தொடங்கும்போது தெருமுனைக் கிளினிக்கில் நீலநிறப் பலகை ஒன்று வெளியே வரும். இந்த ஆண்டுக்கான ஃப்ளூ ஊசி வந்துவிட்டது, உள்ளே வாருங்கள் என்று அது அழைக்கும். மாஸ்டரின் வண்டி அதன் முன்னால் வேகம் குறையும். இண்டிகேட்டர் கண்சிமிட்டும். பின்னால் வருகிறவர் பிரேக் போடுவார். அதற்குள் மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்து, இண்டிகேட்டர் அணைந்து, வண்டி நேராகப் போய்விடும். வேறு யாராவது இப்படி ஓட்டியிருந்தால் மூன்றாவது பாடத்திலேயே விரட்டியிருப்பார்.

ஒவ்வோர் ஆண்டும் புதுக் காரணம். உடம்பு நன்றாக இருக்கும்போது ஊசி எதற்கு என்றார் ஓர் ஆண்டு. அடுத்த ஆண்டு உடம்பு சரியில்லை, சரியான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். "அப்ப எந்த உடம்போடதான் போறதாம்?" என்று மனைவி கேட்டதற்கு, கேள்வி நல்ல கேள்விதான் என்று ஒப்புக்கொண்டு தூங்கப் போனார். ஒருமுறை வீட்டில் பிடுங்கல் தாங்காமல் போட்டுக்கொண்டுவிட்டார். மறுநாளே மூக்கு ஒழுகியது. அது வேறு ஏதோ சாதாரண ஜலதோஷம் என்று மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஊசியும் ஒழுகலும் அடுத்தடுத்து வந்தால் முன்னால் போன வண்டிக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று எப்படிச் சொல்வது என்று மாஸ்டர் சட்டம் பேசினார்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது மாணவர்களிடம் ஓட்டெடுப்பும் நடத்துவார். போடலாமா, வேண்டாமா? விளக்கு மாறும்வரை தப்பியோட வழியில்லாத அந்தப் பாவப்பட்ட ஜென்மங்கள் மாஸ்டர் முகத்தைப் பார்த்து, எது சொன்னால் சீக்கிரம் பாடம் முடியுமோ அதைச் சொல்வார்கள். ஆளுக்கொரு பதில். மாஸ்டருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஊசி என்பது அவர் பக்கம் பிரேக் இல்லாத வண்டி. அதில் ஏறி உட்கார மனசு வரவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமும்.

இந்த ஆண்டு விஷயம் அவர் கையை மீறியது. மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தை பிறந்து சில வாரம்வரை பெற்றோர் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. வந்து பெட்டியை வைத்தவள் தண்ணீர் குடிப்பதற்கு முன் சட்டத்தை வாசித்தாள். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம்வரை இந்த ஊசி போட முடியாது. அதனால் சுற்றி இருக்கிறவர்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட உடனே வேலை செய்யாது, இரண்டு வாரம் ஆகும். போடாதவர்கள் குழந்தையைத் தூக்கக் கூடாது.

"அப்பா, முக்கியமா நீங்க. நாள் முழுக்க மூடின வண்டிக்குள்ள ஊர்ல இருக்கிற தும்மலையெல்லாம் பக்கத்துல உக்காந்து வாங்கிட்டு வர்றீங்க."

"கண்ணாடி ரெண்டு விரல் இறக்கித்தானே வச்சிருக்கேன் கண்ணு."

"வைரஸ் அந்த வழியா இறங்கிப் போயிடுமாக்கும்?"

மனைவி அன்று சாயங்காலமே போய்ப் போட்டுக்கொண்டு வந்து, மாஸ்டர் எதிரில் சட்டைக்கையைச் சுருட்டிப் பஞ்சு ஒட்டியிருந்த இடத்தைக் காட்டிவிட்டுப் போனார். மாஸ்டர் "பார்க்கலாம்" என்றார். அவர் அகராதியில் 'பார்க்கலாம்' என்றால், பலகை தெரிகிறது, இண்டிகேட்டர் போட்டாயிற்று, திரும்புவது சந்தேகம் என்று பொருள்.

மூன்று வாரம் போயும் இன்னும் நாள் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, பேத்தி முந்திக்கொண்டாள். "இண்டிகேட்டரே போடாம வந்துட்டா" என்று ஆஸ்பத்திரியில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பெருமை இறங்கியது. மகளின் அறை வாசலில் தரையோடு ஒரு மஞ்சள் டேப் ஒட்டப்பட்டிருந்தது. ஊசி போடாதவர்கள் அதைத் தாண்டக் கூடாது. வீட்டில் ஊசி போடாதவர்கள் என்று பன்மையில் சொல்ல வேண்டியதில்லை, ஒருவர்தான்.

மாஸ்டர் கட்டைவிரல் படாமல் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார். உள்ளே மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். அந்த நடையில் தேவைக்கு அதிகமாக ஒரு மிதப்பு இருந்தது. "தாத்தாவைப் பாரு. அதோ, சிக்னல்ல மாட்டிக்கிட்டு நிக்கிறாரு பாரு" என்று குழந்தையிடம் சொல்லவும் செய்தார். குழந்தை கொட்டாவி விட்டது.

கால் மட்டும் கோட்டுக்கு வெளியே இருக்க, உடம்பை வளைத்துக் கையை நீட்டினால் கணக்கில் வருமா என்று மாஸ்டர் விசாரித்தார். "டெஸ்ட்ல டயர் வெளிய, பம்பர் மட்டும் உள்ளன்னு ஒருத்தன் சொன்னா விடுவீங்களாப்பா?" என்றாள் மகள். விடமாட்டார். அது அவருக்கே தெரியும். அப்படியும் மறுநாள் காலை கிளினிக் முன்னால் இண்டிகேட்டர் கண்சிமிட்டியது. வண்டி நேராகத்தான் போனது.

அதற்கும் மறுநாள் பாடத்துக்கு வந்தவர் நூலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மையார். மாஸ்டர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறவர். நூலகத்தில் தும்மல் வந்தால் வாய்க்குள்ளேயே அடக்கிப் பழகியவர். அன்று மூக்கு சிவந்து, கண் கலங்கி, முக்கியச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு அது மெதுவாக ஏறி வந்தது.

"மாஸ்டர், கையை எடுக்கலாமா?"

"கூடாது" என்றார் மாஸ்டர். யோசித்துச் சொன்னதில்லை, அந்தக் கேள்விக்கு அவர் வாயில் வேறு பதில் கிடையாது.

அம்மையார் கையை எடுக்கவில்லை. பல ஆண்டு நூலக மௌனத்தையெல்லாம் சேர்த்துவைத்து ஒரு தும்மல் தும்மினார். ரோட்டைப் பார்த்துத் தும்மினால் முன்கண்ணாடி மங்கிவிடும் என்ற நல்லெண்ணத்தில், கடைசி நொடியில் முகத்தை மட்டும் மாஸ்டர் பக்கம் திருப்பிக்கொண்டார். மாஸ்டரின் கால் தானாகப் பாய்ந்தது. பிரேக் வண்டியை நிறுத்தியது. தும்மலை நிறுத்தவில்லை.

மாஸ்டர் கைக்குட்டையை எடுத்து நெற்றி, கன்னம், மூக்குக் கண்ணாடி என்று வரிசையாகத் துடைத்தார். அந்த இரண்டு விரல் இடைவெளியை ஒருமுறை பார்த்தார். இந்த முகத்தைத்தான் சாயங்காலம் மஞ்சள் கோட்டருகே கொண்டுபோய் நீட்ட வேண்டும். கோடு இருக்கிறதே என்ற நினைப்பு வந்தபோது, முதன்முறையாக அந்தக் கோட்டின் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்தது.

"இண்டிகேட்டர் போடுங்க. அந்த நீலப் பலகை முன்னாடி ஓரங்கட்டுங்க."

"ஐயோ, வெறும் ஜலதோஷம்தான் மாஸ்டர். எனக்கு எதுக்கு கிளினிக்?"

"உங்களுக்கு இல்லம்மா. எனக்கு."

இரண்டு வண்டிகளுக்கு நடுவே அம்மையார் ஒரே முயற்சியில் வண்டியை நுழைத்தார். இத்தனை நாளில் வராத வித்தை அது. பாராட்ட மாஸ்டருக்கு நேரமில்லை; நின்று பாராட்டினால் மனசு நேராகப் போய்விடும் என்று பயந்து, விடுவிடுவென்று படியேறினார்.

உள்ளே இருந்த நர்ஸ் அவருடைய பழைய மாணவி. ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடித்து, அவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவள்.

"வாங்க மாஸ்டர். வருஷா வருஷம் வாசல்ல இண்டிகேட்டர் போட்டுட்டு நேரா போயிடுவீங்க. ஜன்னல்ல பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

மாஸ்டர் அதைக் காதில் வாங்காதவர்போல உட்கார்ந்து, கடைசி நேரச் சந்தேகங்களை வரிசையாக எடுத்துவிட்டார். காய்ச்சல் இருக்கிறதா, ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று அவள் கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர், தன் கேள்விகளை மட்டும் விஸ்தாரமாகக் கேட்டார். போன வருஷம் போட்டவர்கள் இந்த வருஷமும் எதற்குப் போட வேண்டும் என்றார். கிருமி வருஷத்துக்கு வருஷம் ரூட்டை மாற்றுகிறது என்றாள் அவள். அது அவருக்குப் புரிந்தது.

"சரி, இதைப் போட்டா ஃப்ளூ வரவே வராதா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். வர்றது குறையும். வந்தாலும் அடிச்சுப் போடுறது குறையும். சீட் பெல்ட் போட்டா விபத்தே நடக்காதுன்னா எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

மாஸ்டர் சட்டைக்கையைச் சுருட்டத் தொடங்கினார்.

நர்ஸ் சிரிஞ்சில் மருந்தை ஏற்றினாள். டப் என்று ஒரு சத்தம். நாற்காலியருகே இருந்த, காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியின் மூடி எழுந்து நின்றது. மாஸ்டர் காலை எடுத்தார், மூடிக்கொண்டது. ஊசி நெருங்கியது. டப். விலகியது; மூடி விழுந்தது. மறுபடி நெருங்கியது. டப்.

"மாஸ்டர், அது பிரேக் இல்ல" என்று நர்ஸ் தொட்டியைத் தள்ளி வைத்தாள். "தோளைத் தொங்க விடுங்க. இறுக்கிப் பிடிச்சா வண்டி கேக்காது. ஊசியைப் பார்க்காதீங்க, நேரா ரோட்டைப் பாருங்க."

எல்லாம் அவர் சரக்குதான். எதிர்ச் சுவரில் கண் பரிசோதனை அட்டை இருந்தது. வலது கால் வெறுந்தரையில் பிரேக்கைத் தேடித் தடவ, மாஸ்டர் மேல் வரியிலிருந்து எழுத்துகளை உரக்க வாசிக்கத் தொடங்கினார். பொடி எழுத்துக்கு வருமுன் பஞ்சு ஒட்டியாகிவிட்டது.

"முடிஞ்சதா? எப்போ?"

"ரெண்டாவது வரியிலயே."

அன்று முதல் ஊரில் ஊசியைக் கண்டுபிடித்தவரே மாஸ்டர்தான். சிவப்பு விளக்கில் ஓட்டெடுப்பு நின்றுபோய்ப் பிரசங்கம் தொடங்கியது. "போட்டாச்சா? இல்லையா? நீலப் பலகை முன்னாடி ஓரங்கட்டு, பார்க்கிங் பழகின மாதிரியும் ஆச்சு." தும்முகிறவர்களுக்குப் பாடம் ஒத்திவைப்பு. தும்மலுக்கு மட்டும் ஒரு கையை எடுத்து, முழங்கை மடிப்பில் தும்மலாம் என்று பாடத்திட்டத்தில் திருத்தம். ஊசி போட்ட தோள் லேசாக வலித்த இரண்டு நாளும், போரிலிருந்து திரும்பியவர்போல அந்தக் கையைத் தாங்கிப் பிடித்து நடந்தார். மகள் தன் பிரசவத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் அவரையே பார்த்தாள்.

ஆனால் இரண்டு வாரம் இரண்டு வாரம்தான். காலையும் மாலையும் அவர் மஞ்சள் கோட்டுக்கு வந்து நின்றார். கண்ணை உருட்டினார், வாயால் ஹாரன் அடித்தார், வைப்பர்போலக் கைகளை ஆட்டினார். குழந்தை எப்போதாவது அந்தப் பக்கம் திரும்பியது. அன்றைக்கு அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கெடு முடிந்த காலையில் மகள் குனிந்து டேப்பை உரித்தாள். மாஸ்டர் உடனே நுழைந்துவிடவில்லை. வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடி வலது பக்கம் பார்த்தார். "வாங்கப்பா, ரோடு காலிதான்" என்றாள் மகள். ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, மனைவி குழந்தையை அவர் கையில் வைத்தார். ஸ்டியரிங்கை எப்படிப் பிடிக்கக் கூடாது என்று ஊருக்கே சொன்னவர், குழந்தையை அப்படிப் பிடிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டார். மெல்ல மெல்லத் தோள் இறங்கியது.

குழந்தை முகத்தைச் சுருக்கியது. மூக்கு நுனி துடித்தது. குட்டியாக ஒரு தும்மல்.

மனைவிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இப்போது கால் பாயும் என்று தெரிந்து, நாற்காலிக்குக் கீழே குனிந்து பார்த்தார். அங்கே செருப்புகள் இரண்டும் காலியாகக் கிடந்தன. மாஸ்டர் எப்போதோ கால்களை மேலே தூக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தார்.