கத்தரிக்காயில் பழகிய ஊசி

என் தாய்மாமா கோழி அறுக்கும் இடத்தில் நிற்கமாட்டார். குழம்பு கொதிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார். எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். முறுக்கிய மீசை, தெருவே திரும்பிப் பார்க்கும் குரல். ரத்தத்தைக் கண்டால் மட்டும் கண் இருட்டிவிடும்.

அவர் மனைவி, என் அத்தைக்கு முதலில் உண்டான இரண்டு பிள்ளைகளும் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. உறவுக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மூன்றாவது தடவை மதுரையில் ஒரு டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். உடம்பே தன் ரத்தத்தை உறைய வைக்கிறது, பிள்ளைக்குப் போகிற ரத்தம் அடைபடுகிறது என்றாராம். அதற்குத் தினமும் வயிற்றில் ஓர் ஊசி.

கொஞ்ச நாள் பக்கத்துத் தெரு நர்ஸக்கா வந்து போட்டார். அவருக்கு வெளியூர் மாற்றல் வந்ததும், "நானே போடுறேன்" என்றார் மாமா. காலி ஊசியால் கத்தரிக்காயில் குத்திக் குத்திப் பழகினார். மாமா கத்தரிக்காய்க்கு வைத்தியம் பார்க்கிறார் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

முதல் நாள் அத்தை கட்டிலில் சாய்ந்து, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக் காட்டினார். மாமாவின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. நெற்றியெல்லாம் வேர்வை.

"இங்க குடுங்க" என்று வாங்கினார் அத்தை. பல்லைக் கடித்துக்கொண்டு தானே குத்தி, மெதுவாக அழுத்தி எடுத்தார். "அம்புட்டுத்தான். அவுகளுக்குத் தண்ணி கொண்டா தாயி" என்றார் என்னிடம். மாமா தரையில் உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் தினமும் அத்தையே போட்டுக்கொண்டார். பெட்டியைப் பிரித்துக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பது மாமாவின் வேலை.

எட்டாம் மாதக் கடைசியில் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். சில நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு, வீறிட்டு அழுதபடி வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலையிலும் அத்தை ஊசியை எடுத்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியம்.

"பாப்பாதான் வந்திருச்சே மாமா, இன்னும் எதுக்கு?"

"இது உங்க அத்தைக்குத் தாயி. ரத்தம் உறைஞ்சா அவளுக்கும் ஆபத்து. இன்னும் கொஞ்ச நாள் போடணும்."

பிள்ளைக்காக மட்டும்தான் எல்லோரும் பயந்தார்கள் என்று நினைத்திருந்தேன். அத்தையே இல்லாமல் போயிருக்கலாம், மாமாவுக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும் என்பதெல்லாம் நான் பிள்ளை பெற்றபோதுதான் உறைத்தது. அன்று, சரி என்று தலையாட்டிவிட்டு, பாப்பாவை என் மடியில் வைக்கச் சொல்லி அடம்பிடித்தேன்.