ஒட்டுத் தெரியாத கோட்டு

கச்சேரி ரோட்டில் என் சோடாக் கடைக்கு அடுத்த கடை டெய்லர் கரீமுல்லா பாயுடையது. மயிலாப்பூர் வக்கீல்களில் பாதிப் பேர் அவர் தைத்த கோட்டில்தான் கோர்ட்டுக்குப் போனார்கள். மனுஷர் மட்டும் வருஷம் முழுக்க ஒரே பனியனில் உட்கார்ந்து மிஷினை மிதித்துக்கொண்டிருப்பார். கேட்டால் சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவர் மகன் ஹபீபுர் ரஹ்மான் நல்ல மார்க்கோடு பள்ளிக்கூடம் முடித்தான். காலேஜில் இடமும் கிடைத்தது. சம்பளம் கட்டத்தான் வக்கில்லை. பெரிய வக்கீல் ஒருவர் வருஷம் ஓர் ஏழைப் பையனுக்குக் காலேஜ் சம்பளம் கட்டும் தர்மம் நடத்திவந்தார். பையன்களை நேரில் பார்த்துத்தான் பொறுக்குவார். பாயின் பழைய வாடிக்கைக்காரர்தான் அவரும்.

பாய்க்குக் கை துறுதுறுத்தது. யுத்தகாலம், துணியெல்லாம் கண்ட்ரோலில், கடைகளில் லேசில் கிடைக்காது. ஆனால் வெட்டி மீந்த துண்டு தையல்காரனுக்கு என்பது தொழில் வழக்கம். அந்த வக்கீலின் கோட்டுகளில் மீந்த துண்டுகளையே சேர்த்து மகனுக்கு ஒரு கோட்டு தைத்தார். ஒட்டு எங்கே இருக்கிறதென்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது.

"தர்மம் கேக்கப் போற புள்ளைக்கு இன்னாத்துக்கு பாய் கோட்டு?" என்றேன்.

"ஏழைன்னா கந்தலாத்தான் நிக்கணும்னு எந்தக் கோர்ட்டுல தீர்ப்பு சொல்லிக்கீது, நைனா?"

அதே வாரம் பாயின் இன்னொரு வாடிக்கைக்காரரான தியாகராய நகர் பாத்திரக்கடை முதலாளி வெள்ளைச்சாமியின் மகன் கனகராஜ் ஒரு நல்ல சட்டையோடு வந்தான். முழங்கையைக் கிழித்து ஒட்டுப் போடவேண்டுமாம், நாடகத்தில் ஏழை வேஷமாம். பாய் கண்ணுக்கே தெரியாமல் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒட்டு பளிச்சுன்னு தெரியணும் பாய்! தெரியலைன்னா எதுக்குப் போடுறது?"

பாய் மனசேயில்லாமல் பிரித்து, கோணலாகத் தைத்துக் கொடுத்தார்.

வக்கீல் பங்களாவில் ஹபீபுக்குப் பக்கத்தில் அந்தச் சட்டையோடு கனகராஜ் உட்கார்ந்திருந்தான். நாடகம் அங்கேதான்! வக்கீலின் கண் ஹபீபின் கோட்டில் விழுந்தது.

"ஏண்டாப்பா, இது என் கோட்டுத் துணின்னா? இதுக்கு நான் எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமோ? நீ ஏழையா?"

கோட்டைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டியிருந்தால் போதும், அத்தனை ஒட்டும் தெரிந்திருக்கும். பெரியவர்கள் முன்னால் கோட்டைக் கழற்றக் கூடாது என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தாராம். பிள்ளை வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறான். தர்மம் கனகராஜுக்குப் போயிற்று.

"போய் உள்ளதைச் சொல்லு பாய்!" என்று கத்தினேன்.

"பாத்திரக்கடைக்காரர் மகனைப் பொய்யன்னு சொல்லவா? வக்கீல் ஏமாந்துட்டார்னு சொல்லவா? ரெண்டு வாடிக்கையும் போச்சுன்னா சோறு?" என்றார் பாய்.

பத்து நாள் கழித்து வெள்ளைச்சாமியே மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "காலேஜுன்னா நாலு பெரிய வீட்டுப் புள்ளைக வர்ற எடம். கோட்டு இல்லாம அனுப்ப முடியுமா பாய்?" என்றவர், ஆணியில் தொங்கிய ஹபீபின் கோட்டைத் தடவிப் பார்த்து, கேட்ட விலைக்கு வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தில் ஹபீபின் முதல் டெர்ம் சம்பளத்தைக் கட்டினார் பாய். தர்மத்தில் படிக்கிற ஏழை கோட்டுப் போட்டுக்கொண்டு போனான், காசு கட்டிப் படிக்கிறவன் பழைய சட்டையில் போனான். இந்தக் கண்றாவியை யாரிடம் போய்ச் சொல்ல!

பாய் மட்டும் தெம்பாக இருந்தார். "வக்கீல் தீபாவளிக்குக் கோட்டு தெக்க வருவாரு. துண்டு மிஞ்சும். இன்னொரு கோட்டு, இன்னொரு டெர்ம். அல்லா பாத்துப்பான், நைனா."

பாய் சொன்னபடியே வக்கீல் வந்தார். தான் நடத்தும் தர்மத்தின் ஆண்டு விழாவில் தலைமை வகிக்கிறாராம், அதற்குப் புதுக் கோட்டு. துணியைப் பலகைமேல் வைத்தார். பாயின் கண் அதை விரித்துப் பார்க்காமலே அளந்துவிட்டது.

"பாய், இந்தத் தடவை மீந்த துண்டெல்லாம் ஒண்ணு விடாம கட்டி ஆத்துக்கு அனுப்பிச்சுடும். துணிக்கு இருக்கற பஞ்சத்துல எதையும் வீணாக்கப்படாது, பாரும்."

பாய் துணியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"சரிங்க சார்" என்றார். டேப்பை எடுத்து தர்மப் பிரபுவின் மார்பை அளந்தார். போன தடவையைவிட இரண்டு அங்குலம் கூடியிருந்தது.